காளியண்ணனின் வலிக்கு வாரிசு

மயிலாத்தாளின் இடுப்பு வலி அவள் உடம்பை விட்டு முதன்முதலாக இறங்கியது ஒரு வியாழக்கிழமை காலையில், தறிக்குடோனுக்குப் பதினோரு மணி டீ வருவதற்குச் சற்று முன்னால். அங்கே வேலை செய்துகொண்டிருந்த எட்டுப் பேரும் அதைப் பார்த்தார்கள், ஆனால் ஒருவரும் தறியை நிறுத்தவில்லை, ஏனென்றால் தொட்டிக்கல்பாளையத்தில் தறி நிற்க வேண்டுமானால் கரண்டு போக வேண்டும் அல்லது ஆள் விழ வேண்டும், ஒரு வலி இறங்கி வந்ததற்கெல்லாம் தறியை நிறுத்துகிற வழக்கம் அங்கே இருந்ததில்லை. அது அவள் முதுகின் கீழ்ப்பக்கத்திலிருந்து, சேலைக் கொசுவத்தைக்கூடக் கலைக்காமல், பிறந்து ஒரு நாளான வெள்ளாட்டுக்குட்டி அளவில், ரோமமும் கண்ணும் இல்லாமல், ஈரச் சாம்பல் நிறத்தில் நழுவி இறங்கி, நாலு காலில் கொஞ்ச நேரம் தடுமாறி நின்றுவிட்டு, தறிக்கடியில் குவிந்திருந்த பஞ்சுத் தூசியில் போய்ப் படுத்துக்கொண்டது.

“என்ன மயிலா அது?” என்று எதிர் வரிசையில் நின்ற அவள் புருஷன் காளியண்ணன் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கேட்டான்.

“என்னோட வலியாட்டம் இருக்குதுங்க.”

“ஓரமாத் தள்ளியுடு. தறி நாடா எகிறுனா அது மேல அடிச்சுரும்.”

அவள் காலால் மெல்ல நகர்த்திச் சுவரோரம் விட்டாள். தொட்டபோது அது காய்ச்சல்காரக் குழந்தை போலச் சுட்டது.

பத்தொன்பது வருசமாக அவள் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் தறிக்கு முன்னால் நின்றிருந்தாள், நிறை வயிற்றோடும் நின்றிருந்தாள், மகள் தர்ஷிகா பிறந்த நாற்பத்தைந்தாம் நாளே திரும்பி வந்து நின்றிருந்தாள், அந்த நிற்பெல்லாம் சேர்ந்துதான் இடுப்பில் வலியாகக் குடியேறியிருந்தது. தைலம் தேய்த்தும், பிளாஸ்திரி ஒட்டியும், உப்பு ஒத்தடம் கொடுத்தும் போகாத அதற்கு, அன்று காலையில்தான் கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருந்த கந்தவேலு டாக்டர் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு மஞ்சள் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, “ஒண்ணு போடுங்கக்கா, வலி எங்க போச்சுன்னு தேடுவீங்க” என்றான். தேட வேண்டிய தேவை அவளுக்கு வரவில்லை, அது கண்ணெதிரே சுவரோரம் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு கதகதப்பு கிளம்பித் தோள் வழியாக விரல் நுனி வரைக்கும் போயிற்று. எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகிவிட்டு இளவெயிலில் கூந்தல் உலர்த்துகிறவளின் சுகம் அது, கல்யாணத்துக்கு முன்னால் அவள் அறிந்திருந்து பிறகு மறந்தே போன சுகம். மேஸ்திரி திட்டியது, அறுந்த இழை, மழைக்கு ஒழுகும் கூரை, எல்லாமே வேறு யாருக்கோ நடக்கிற காரியங்களாகத் தூரத்தில் நின்றன.

சாயங்காலம் அது எழுந்து, சோம்பல் முறித்து, வந்த வழியே அவளுக்குள் ஏறிக்கொண்டது. ஏறும்போது போன வருசத்து ரவிக்கையில் கை நுழைப்பது போலக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. அன்று அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஆனால் வெளியே இருந்த நேரத்தில் அது வளர்ந்திருந்தது, ஒவ்வொரு நாளும் வளர்ந்தது. மாத்திரை போட்ட பிறகு மயிலாத்தாளுக்குப் பசி எடுப்பதில்லை, அவள் தட்டில் விட்ட சோற்றை வாயே இல்லாத அந்தப் பிராணி எப்படியோ தின்றுவிடும். அவள் கன்னம் ஒட்ட ஒட்ட அதற்குத் தொடை பிடித்தது. இடுப்பில் மட்டும் இருந்த வலி, திரும்பி ஏறும்போது இடுப்பு போதாமல் கால் எலும்புக்குள்ளும் தோள்பட்டைக்குள்ளும் இடம் பிடித்தது. ஒரு மாத்திரைக்கு இறங்கியது இரண்டு கேட்டது, ஆடி மாதம் வந்தபோது கன்றுக்குட்டி அளவாகி, நாலு போட்டால்தான் அசைந்தது.

இதற்குள் ஊரில் பாதிப் பேருடைய வலிகள் வெளியே வந்துவிட்டிருந்தன. கழுத்து வலிகள் கோழி போல ஒல்லியாகவும், முட்டி வலிகள் உருண்டையாகவும், பாவு நூல் உருளைகளைத் தூக்கித் தூக்கி முதுகொடிந்தவர்களின் வலிகள் பன்றி போலத் தடித்தும் இருந்தன. முதலாளிகள் குடோன் சுவரோரம் பழைய சாக்குகளை வரிசையாக விரித்துக் கொடுத்தார்கள், வலி இல்லாத ஆள் நாலு தறிக்குப் பதில் எட்டுத் தறி ஓட்டுகிறான் என்று தெரிந்ததும் ஈரச் சாக்குகூடப் போட்டார்கள். மினிபஸ் கண்டக்டர் அவற்றைப் பின்படியில் மட்டும்தான் ஏற்றினார். மாரியம்மன் கோயிலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கயிறு கட்டி, அதற்குள் விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். கல்யாணப் பத்திரிகைகளில், அன்பளிப்பைத் தவிர்க்கவும் என்று போடும் இடத்தில், வலிகளை வீட்டில் விட்டு வரவும் என்று போட்டார்கள். நகராட்சியிலிருந்து வந்த ஒருவர் இவை ஆடு மாடு கணக்கிலா, ஆள் கணக்கிலா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, எதிலும் சேர்க்காமல் போய்விட்டார்.

காளியண்ணன் மட்டும் வெகுநாள் மாத்திரை தொடாமல் இருந்தான். பதினாறு வயதிலிருந்து முதுகில் வைத்திருக்கிறதை இனிமேல் எதற்கு இறக்குவது என்று சொல்லிச் சிரிப்பான். ஆனால் பெண்டாட்டி எட்டுத் தறி ஓட்டும்போது நீ நாலுக்கே திணறுகிறாயே என்று முதலாளி எல்லோர் முன்னாலும் ஒருநாள் கேட்டார், மறுநாள் அவனும் கந்தவேலு கடைக்குப் போனான். இருபத்தெட்டு வருசமாக அடக்கி வைத்திருந்ததால் அவனுடையது முதல் நாளே கிடா அளவில் வந்தது. அவன் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, “இத்தன நாளு நீயாடா உள்ள இருந்த?” என்று வாஞ்சையோடு கேட்டான்.

பொழுது சாயும்போது அவர்கள் வீடு திரும்புவதைத் தெருவே பார்க்கும்: முன்னால் தூக்குப்போசியோடு பதினாலு வயது தர்ஷிகா, அவளுக்குப் பின்னால் புருஷனும் பெண்டாட்டியும், அவர்களுக்குப் பின்னால் இரண்டு வலிகள். காலாண்டுப் பரீட்சையில் தர்ஷிகா வகுப்பிலேயே முதலாவதாக வந்து, மார்க் அட்டையை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மயிலாத்தாள் பார்த்து, “ம்” என்றாள். சந்தோசப்பட வேண்டிய விசயம் என்று அவளுக்குத் தெரிந்தது. எங்கே தொட்டால் அந்தச் சந்தோசம் வரும் என்றுதான் தெரியவில்லை.

கார்த்திகையில் கந்தவேலு, மச்சினன் கல்யாணத்துக்கென்று கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாள் வெளியூர் போனான். முதல் நாள் மத்தியானமே ஊரிலிருந்த வலிகளெல்லாம் எழுந்து அவரவர் ஆளைத் தேடிப் போய் ஏறின. தெரு முழுக்கக் கொட்டாவி விட்டது, மூக்கு ஒழுகியது, வெயிலில் நின்றவர்களுக்குக் கோழித்தோல் போல மயிர்க்கூச்செறிந்தது, படுத்தவர்களின் கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன, குடித்த தண்ணீர் வாய் வழியாகவும் வயிறு வழியாகவும் போயிற்று. யாரும் இதை வியாதி என்று சொல்லவில்லை. “உள்ள வந்துருச்சு” என்று மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மயிலாத்தாள் கக்கூஸ் வாசலில் சுருண்டு கிடந்தபடி புருஷனிடம் கேட்டாள்:

“ஏனுங்க, இடுப்பு வலிக்குன்னுதான வாங்குனோம்? இப்ப எனக்கு இடுப்பு எங்க இருக்குதுன்னே தெரியலீங்க. மாத்திரை இல்லாததுதான் வலிக்குது.”

காளியண்ணனுக்குப் பல் கிட்டித்திருந்தது. நாலாம் நாள் கடை திறந்தபோது ஊரே வாசலில் நின்றது. அவர்களும் நின்றார்கள்.

அதற்குப் பிறகு காளியண்ணனுடையது எருமை அளவுக்குப் போய்விட்டது. தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வந்தவன், வழக்கமாகப் போடுவதைப் போட்டும் அது இறங்காமல் எலும்பெல்லாம் நெரிபட, மறுபடி ஒரு அட்டையைப் பிரித்துப் போட்டான், பிறகு இன்னொன்றையும் பிரித்தான். அது இறங்கியது. அவன் கயிற்றுக் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடினான். மயிலாத்தாளும் தன்னுடையதை இறக்கிவிட்டுக் கீழே பாயில் சாய்ந்திருந்தாள். அவன் மூச்சுக்கு நடுவே இடைவெளி விழுவது அவள் காதில் கேட்டது. ஒரு மூச்சு, அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை, அப்புறம் ஒரு குறட்டை போல இன்னொன்று. எழுந்து உலுக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள், நினைத்த நினைப்பு கை வரைக்கும் வந்து சேரவில்லை. தறி ஓட்டுவது, பசிப்பது, வலிப்பது என்று ஒவ்வொரு வேலையாக மறந்துகொண்டே வந்த அவன் உடம்பு, பத்தரை மணிக்கு மூச்சு விடுகிற வேலையையும் மறந்தது.

மத்தியானம் அவனுடைய வலி எழுந்தது. கட்டிலருகே போய் அவன் முதுகை முட்டியது. முதுகு திறக்கவில்லை. கட்டிலை மூன்று நாலு முறை சுற்றி வந்தது. பிறகு மயிலாத்தாளிடம் வந்து, கண்ணில்லாத முகத்தால் அவள் விலாவைத் தடவி, நெற்றியை வைத்து அழுத்தியது. அவள் உடம்பு முழுக்க மாத்திரை நிறைந்து இறுகிச் சாத்தியிருந்தது, அதற்கு நுழைய ஒரு விரற்கடை இடம் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து தர்ஷிகா வீட்டுக்குள் வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்காகக் குனிந்தாள், குனிந்த முதுகில் அது தலையை வைத்து, எருமை குட்டைக்குள் இறங்குவது போல நிதானமாக, வால் வரைக்கும் அவளுக்குள் போய்விட்டது.

புத்தகப்பை தோளிலிருந்து நழுவியது. ஒரு கையை இடுப்பில் வைத்து, இன்னொரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, அவள் அப்பா ஷிப்டு முடிந்து எப்படி நிற்பானோ அப்படியே நின்றாள். மயிலாத்தாள் இதையெல்லாம் பாயில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வலிக்கவில்லை. கதகதப்பாக இருந்தது. பின்னாளில் அவள் எதையாவது தனக்கு மன்னிக்கவே மாட்டாள் என்றால் அந்தக் கதகதப்பைத்தான்.

அவனை எடுத்துப் போட்டு, காரியமும் முடிந்த பிறகு, வாரிசுச் சான்றிதழுக்கு விசாரிக்க கிராம நிர்வாக அலுவலர் வந்தார். மனைவி என்று ஒரு பெயர், மகள் என்று ஒரு பெயர் எழுதினார். வலி யாரிடம் சேர்ந்தது என்று கேட்டார். மகளிடம் என்றதும் அதற்கான கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார், அப்போது அப்படி ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் வந்துவிட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் தர்ஷிகாவுக்கு பெஞ்சுக்குப் பதில் முதுகு சாய்கிற நாற்காலி கொடுத்தார்கள். அச்சு அசல் அப்பனோட நடை என்று தெருவில் பாசத்தோடுதான் சொன்னார்கள். கந்தவேலுவும் பாசத்தோடுதான் ஒரு அட்டையை நீட்டினான்.

“பாப்பாவுக்குப் பாதி போதும்க்கா. சின்ன உடம்பு.”

மயிலாத்தாள் வாங்கிக்கொண்டு வந்தாள். தர்ஷிகா சுவரில் முதுகை அழுத்தி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்துக் கடித்து அதில் ரத்தம் கட்டியிருந்தது.

“அம்மா, அது போட்டா நெசமாவே எறங்கிருமா?”

“எறங்கிரும் கண்ணு.”

“அப்பறமேலு?”

மயிலாத்தாள் மாத்திரையை நகத்தால் இரண்டாக உடைத்தாள். மகள் உள்ளங்கையை நீட்டினாள். அந்தக் கை நீண்டிருந்தது, அம்மாவின் கை அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, பாதி வழியில் அது திரும்பி அம்மாவின் வாய்க்கே போயிற்று, மிச்சப் பாதியும் போயிற்று, அட்டையில் இருந்த மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின. மகள் கை நீட்டியபடியே பார்த்திருந்தாள். பெற்றவள் பாசத்தால் தடுத்தாள் என்று ஊரில் பிற்பாடு சொன்னார்கள். அது பாசமில்லை, ஆசை என்று மயிலாத்தாளுக்குத் தெரியும். பிள்ளைக்கென்று வாங்கி வந்த மருந்தைக்கூட விட்டுவைக்காத ஆசை. மறுநாள் விடிந்ததும் அவள் மகளை அழைத்துக்கொண்டு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். அவளுடைய வலி பஸ்ஸுக்குப் பின்னாலேயே முப்பது மைல் ஓடி வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கெங்கிருந்தோ வந்த வலிகள் கால் வைக்க இடமில்லாமல் படுத்திருந்தன. அவற்றைத் தாண்டித் தாண்டி வந்த டாக்டர் மும்தாஜ், நடுவயதுக்காரர், இவர்களை உட்கார வைத்து எல்லாம் கேட்டுக்கொண்டார்.

“நம்ம உடம்பே தனக்கு வேண்டிய மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாச் சுரக்கும்மா. அடி பட்டா ஆத்தறதுக்கு, புள்ள சிரிச்சா சந்தோசப்படறதுக்கு, எல்லாத்துக்கும். வெளியில இருந்து நீங்க குடம் குடமா ஊத்துனதால அது வேலையை விட்டுருச்சு. திரும்ப வேலைக்கு வரும், ஆனா உடனே வராது.”

“எம் புள்ளைக்குள்ள போனத எடுத்துருங்க டாக்டரம்மா. அது போதும்.”

“எடுக்க மருந்து கிடையாது. ஆனா அது முதல்ல உங்ககிட்டதான வந்துச்சு? நீங்க சாத்தியிருந்தீங்க. திறந்தா வரலாம். முதல்ல உங்களது உள்ள போகணும்.”

“அது மாடாட்டம் கெடக்குதுங்களே. எப்படிங்க போவும்?”

“ஒரேயடியா வேண்டாம், தாங்க மாட்டீங்க. அளவைக் குறைச்சுக் குறைச்சு வேற மருந்து தர்றேன், நாக்குக்கு அடியில வைக்கிறது. இந்த வாரம் அதோட ஒரு காலை மட்டும் உள்ள விடுங்க.”

அப்படித்தான் நடந்தது, ஆனால் சொன்னது போல நடக்கவில்லை. முதல் முறை இரண்டு கால்கள் ஏறிய பிறகு மயிலாத்தாள் வார்டிலிருந்து ஓடிப்போய் பஸ் ஏறி, கந்தவேலு கடையில் இறங்கினாள். இரண்டாவது முறை வயிறு வரைக்கும் ஏறியது, அப்போதும் ஓடினாள், கொலுசை விற்று வாங்கித் தின்றாள், அது முழுசாக இறங்கி முன்னைவிடப் பெருத்தது. ஒவ்வொரு முறையும் தர்ஷிகா, ஒரு கை இடுப்பில் வைத்து, கிழவனைப் போல அடி மேல் அடி வைத்து, கடை வாசலுக்கு வந்து நிற்பாள். திட்ட மாட்டாள். “போலாமா?” என்று மட்டும் கேட்பாள். மூன்றாவது முறை மயிலாத்தாள் தன்னைக் கட்டிலோடு சேர்த்துச் சேலையால் கட்டச் சொன்னாள். பதினோரு வாரம் ஆயிற்று. கழுத்து ஏறியபோது பேச்சு நின்றது, தலை ஏறியபோது செத்துப்போனவனின் ஞாபகம் வந்தது. அதுவரை வராத அழுகை அன்று வந்து மூன்று நாள் நிற்கவில்லை. அந்த வார்டிலேயே வேறு ஊர்க்காரர்கள் இருவர் தங்களுடையது பாதி ஏறிய நிலையில் ஓடிப்போய்த் திரும்பி வரவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற செவ்வாய்க்கிழமை, தறியெல்லாம் ஓய்ந்து ஊரில் காக்கை கத்துவது கேட்கிற மத்தியானத்தில், அவள் மகளுக்குப் பக்கத்தில் பாயில் படுத்தாள்.

“முதுகைத் திருப்பு கண்ணு.”

“வேண்டாம்மா. உன்னுதே உன்னால தூக்க முடியல.”

“திருப்பு.”

முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மயிலாத்தாளின் தண்டுவடத்தில் யாரோ கதவைத் தட்டுவது போல ஒரு முட்டு வந்தது, புருஷனுடைய வலியின் தலை அது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவன் தூக்கிய பாவுகளும், நின்ற இரவுகளும், எல்லோர் முன்னாலும் முதலாளி கேட்ட கேள்வியும், பதினாறு வயதில் முதல் முதலாகத் தறியில் நின்றபோது வீங்கிய கால்களும் வரிசையாக அவளுக்குள் நுழைந்தன. அவள் பாயைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கரண்டு வந்து தறிகள் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தபோது தர்ஷிகா எழுந்து உட்கார்ந்தாள், எழுந்து நின்றாள், பத்தரை மாதத்துக்குப் பிறகு நிமிர்ந்து நின்றாள். மயிலாத்தாளால் எழ முடியவில்லை. மகள்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

கொஞ்சம் மகளிடமே தங்கிவிட்டது. மழைக்காலத்தில் தர்ஷிகாவின் கை தானாக இடுப்புக்குப் போகும். மயிலாத்தாள் இரண்டு பேருடையதைச் சுமந்து தரையைப் பார்த்தபடியே நடந்தாள், இரண்டு தறிக்கு மேல் ஓட்ட முடியவில்லை, அந்தக் குடோனில் காலியான சாக்கு அவளுடையது ஒன்றுதான்.

ஜூன் மாதத்தில் மேல்நிலை வகுப்பில் சேர்க்க அவள் மகளோடு போய்க்கொண்டிருந்தாள். வெயில் இல்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை, பள்ளிக்கூட கேட்டுக்கு நேராக வந்தபோது காரணமே இல்லாமல் அடிவயிற்றில் அந்தக் கதகதப்பின் ஞாபகம் கிளம்பிற்று. வாய் ஊறியது. கால் நின்றது. வலது கை தானாகப் போய் மடியைத் துழாவியது. தர்ஷிகா அந்தக் கையை மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்தாள். பிடித்த இடத்தில் எலும்பு நெரிபட்டது. பிள்ளைகள் இவர்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள், முதல் மணி அடித்தது, இரண்டாவது மணியும் அடித்தது.

“வலிக்குதாம்மா?”

“வலிக்குது கண்ணு. உட்டுராத.”